தையல் இயந்திரத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டியவை

போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பம் மறுபடி சம்பாதித்து வாழ என்ன வழி என்று கேட்டால், இன்று பெரும்பாலான திட்டங்கள் ஒரே விடையைத்தான் நீட்டுகின்றன. சில மாதத் தொழிற்பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ், கையில் ஒரு தையல் இயந்திரம் அல்லது சில கோழிக்குஞ்சுகள், அதற்கு மேல் ஒரு சிறுகடன். இந்த விடை முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. கடைசியில் வரவேண்டியதை அது முதலில் வைக்கிறது என்பதே என் வாதம். ஒரு குடும்பம் நிமிர முதலில் வேண்டியது எவரும் பறிக்க முடியாத ஒரு சொத்து. அடுத்து, அது விளைவிப்பதையும் செய்வதையும் தவறாமல் வாங்க ஒரு சந்தை. பிறகு, மழை பொய்த்த ஆண்டிலும் விலை விழுந்த ஆண்டிலும் தாங்கிப் பிடிக்க, அந்தக் குடும்பத்துக்கே பங்குள்ள ஒரு பொது அமைப்பு. இவை இருக்குமிடத்தில் பயிற்சி பலன் தருகிறது. இல்லாத இடத்தில் சான்றிதழ் பெட்டியடியில் கிடக்கிறது. இதைச் சரிபார்க்க ஓரிரு ஆண்டுத் திட்ட அறிக்கைகள் போதாது, இரண்டு மூன்று தலைமுறைக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு அந்தமானில் கிடைக்கிறது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரும், அதை அடுத்த புரோத்ராபூர், கராச்சர்மா போன்ற ஊர்களும் பெயர்ந்து வந்தவர்களால் நிறைந்தவை. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்களில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர், தமிழ் பேசுவோர் 15 பேர். அவர்களில் பலரின் குடும்பக் கதை பிரிவினையிலோ கலவரத்திலோ ஆட்சி மாற்றத்திலோ இழந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது.

அந்தமானே போர் கண்ட மண். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இறங்கியது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் திரும்பிய போது பட்டினியும் படுகொலையும் கண்ட மக்கள்தான் எஞ்சியிருந்தார்கள். தண்டனைக் குடியேற்றம் அதோடு முடிவுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் தாயகம் திரும்பிவிட, தெற்கு அந்தமானில் அவர்கள் உழுத நிலங்கள் ஆளின்றிக் கிடந்தன. 1949-ல் கிழக்கு வங்காள அகதிகளின் முதல் தொகுதி கப்பலில் வந்து இறங்கியது அந்த நிலங்களை நம்பித்தான். மங்குலூட்டன், ஹம்ப்ரிகஞ்ச் போன்ற ஊர்கள் அப்படி நிரம்பின. பிறகு மத்திய அந்தமானிலும் வடக்கு அந்தமானிலும் காடு திருத்தப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர், அதில் பாதி நெல் விளையும் சமநிலம், மீதி தென்னை, பாக்கு, பழமரம் வைக்க மேட்டு நிலம் என்பதே அடிப்படை ஏற்பாடு. உழவு மாட்டுக்கும் விதைக்கும் வீடு கட்டவும் உதவி, முதல் அறுவடை வரை பிழைத்திருக்கப் படி. வகுப்பறைப் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. அதிகாரிகள் தேடித் தேர்ந்தது பெரும்பாலும் நாமசூத்திர உழவர்களை. நெல்லும் மீனும் சதுப்பு நிலமும் அவர்களுக்குப் புதிதல்ல. உழவு தெரியாமல் வந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் தொடக்க ஆண்டுகளிலேயே கல்கத்தாவுக்குத் திரும்பிப் போனார்கள். தெரிந்த தொழிலைச் செய்ய இடம் கொடுத்தால் குடும்பம் நிற்கும், தெரியாத தொழிலில் தள்ளினால் கப்பலேறிவிடும் என்பதை இந்தத் தீவுகள் முதல் பத்தாண்டிலேயே காட்டிவிட்டன.

நிலம் மட்டும் போதுமா என்றால், போதாது. இன்று ஷாகீத் தீவு எனப்படும் நீல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியமர்ந்தவர்களும் கிழக்கு வங்காள அகதிகளே. அந்தமானின் காய்கறிக் கூடை என்று அத்தீவு பெயர் வாங்கியதற்கு மண் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காலையில் படகேற்றினால் அன்றே விற்கக்கூடிய தூரத்தில் போர்ட் பிளேர் இருப்பது. நிர்வாகத்தின் படகு ஓடியது; நகரில் அரசு ஊழியர்களும் படையினரும் சம்பளத்தோடு இருந்தார்கள்; கத்தரிக்காய் விற்றது. சந்தை எட்டாத தொலைவில் அதே அளவு நிலம் பெற்றவர்கள் நெடுங்காலம் நெல்லைத் தின்று பாக்கை விற்று ஓட்டினார்கள். இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. திருத்தப்பட்ட காட்டின் பெரும்பகுதி எவருமற்ற காடு அல்ல. ஜாரவாக்கள் வேட்டையாடிய நிலமும் லிட்டில் அந்தமானில் ஒங்கேக்களின் நிலமும் அதில் அடக்கம். ஒருவரின் வேரறுந்த துயரத்தை இன்னொருவரின் வேரை அறுத்துத் தீர்த்த கணக்கு அது. நிலம் கொடுத்தது பலித்தது என்பதும், அந்த நிலத்தை அப்படி எடுத்திருக்கக் கூடாது என்பதும் இரண்டுமே உண்மை. ஆகவே அந்தமானிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது காடு திருத்தும் வழியை அல்ல. சொத்தும் சந்தையும் சேர்ந்தபோது என்ன நடந்தது என்ற பாடத்தை.

சொத்துக்குப் பதில் கூலி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இத்தீவுகளிலேயே சான்று உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் கச்சால் தீவில், அரசு வளர்த்த ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். ரப்பர் வெட்டத் தெரிந்த கைகளுக்கு ரப்பர் மரம் கிடைத்தது. அந்த அளவில் நல்ல பொருத்தம். ஆனால் மரமும் மண்ணும் வீடும் அவர்களுடையவை அல்ல. தோட்டம் பிறகு அந்தமான் நிக்கோபார் வனத் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கைக்குப் போனது. அக்கழகத்தின் வருமானம் பெரும்பாலும் மரம் வெட்டி வந்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம் மரவெட்டுக்குக் கடும் தடை விதித்தபின் அது சம்பளம் கொடுக்கவே திணறியது. 2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலை கச்சாலைப் புரட்டிப் போட்டது. 2017-ல் கழகத்தையே மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காட்டைக் காக்க நீதிமன்றம் எடுத்த முடிவு சரியானதே. அதன் விலை கூலியை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களின் தலையில் விழுந்தது. நீலகிரியில் கதை பெரிதாக நடந்தது. 1968-ல் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்ற கழகமாகி, கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, வால்பாறை என்று விரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சோறு தின்றன, அதை மறுக்க முடியாது. எனினும் தோட்டம் கொடுத்த லயன் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீடும் போகும். நட்டம் பெருகி 2022-ல் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவான போது, ஐம்பதாண்டு கொழுந்து பறித்த குடும்பங்கள் மறுபடியும் எங்கே போவது என்று கேட்டன. இலங்கையில் அவர்களின் பாட்டன்மார் கேட்ட கேள்வியும் அதுதான்.

இந்த வரலாற்றில் சிறுதொழில் உதவிக்கே உரிய பாடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இன்றைய வாழ்வாதாரத் திட்டம் எழுதுகிறவர்கள் அதைப் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒப்பந்தப்படி வந்தவர்களில் எல்லாருக்கும் தோட்ட வேலை இல்லை. பெரும் பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டது வியாபாரக் கடன். சில ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, தெரியாத ஊரில், பெட்டிக்கடை வை, பால்மாடு வாங்கு என்றது திட்டம். அவர்களோ பிறந்தது முதல் கொழுந்து பறித்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள்; பேரம் பேசியும் கணக்கெழுதியும் பழகாதவர்கள். தரகர்கள் ஒரு பங்கை விழுங்கினார்கள், கடன் சாப்பாட்டிலும் மருத்துவத்திலும் கரைந்தது, குடும்பங்கள் மலையேறின. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தினக்கூலிகளாக, சிலர் கொத்தடிமைகளாகவே ஆனார்கள். அதே ஆண்டுகளில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிலை வேறு. 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் வணிகத்தை நாட்டுடைமையாக்கியதால் விரட்டப்பட்ட அவர்களில் கடைக்காரர்களும் வட்டிக்கடைப் பணியாளர்களும் நிறைய. 1969-ல் சென்னை கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்துச் சாலையோரத்தில் வரிசையாகக் கடைகள் ஒதுக்கப்பட்ட போது பர்மா பஜார் பிறந்தது. துறைமுகம் பக்கத்தில், பாரிமுனை பக்கத்தில், நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள இடம். அங்கே எவரும் வணிகப் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. இடம் கிடைத்தது, திறமை ஏற்கெனவே இருந்தது, கடை ஓடியது. ஒரே அரசு, ஒரே காலம், ஒரே பெயர் கொண்ட உதவி. பொருத்தம் இருந்த பக்கம் பஜார் எழுந்தது. பொருத்தம் இல்லாத பக்கம் கடன் மட்டும் மிஞ்சியது.

அதே 1969-ல் தொடங்கிய இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து திரும்பியோருக்காகச் சென்னையில் பதிவான கூட்டுறவு நிதி வளர்ச்சி வங்கி, இன்று எல்லாரும் அறிந்த ரெப்கோ வங்கி. மத்திய அரசு பெரும்பங்கு முதல் போட்டது. திரும்பி வந்தவர்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் வங்கி நிற்கிறது. அது இன்று பெரும்பாலும் வெளியாருக்கு வீட்டுக்கடனும் நகைக்கடனும் கொடுக்கும் வங்கிதான், மலையில் கூலிவேலை செய்த கடைநிலையினருக்கு அதன் நிழல் போதுமான அளவு எட்டவில்லை என்ற குறை நியாயமானது. ஆனாலும் உதவி வந்தவர்களையே உறுப்பினராக்கிய அமைப்பு, கொடுத்தவர் மனம் மாறினாலும் கலைந்துவிடுவதில்லை. திட்டக் காலம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகும் நிறுவனத்திடம் இந்தக் குணம் கிடையாது.

2009 மே மாதம் போர் முடிந்த இலங்கையின் வன்னிக்கு இந்தப் பாடங்கள் எதுவும் போய்ச் சேரவில்லை. மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அடைபட்டார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேற 2012 செப்டம்பர் ஆனது. வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் என்று அரசுத் தரப்பே சொன்னது. அந்தப் பெண் தலைமைக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது வாழ்வாதார உதவி என்ற பெயரில் கோழியும் தையலும், அதன் பின்னாலேயே புதிதாய்ப் போட்ட வீதி வழியே நுண்கடன் நிறுவனங்களும். ஒரே கிராமத்தில் பல பெண்கள் தைத்தால் யாருக்குத் தைப்பது? கோழி நோயில் செத்தால் தவணைக்கு யார் பொறுப்பு? கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் வசூலாளருக்குக் கொடுக்க இன்னொரு நிறுவனத்தில் கடன், அதை அடைக்க மூன்றாவதில் கடன். 2018-ல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி சில இடங்களில் 220 சதவீதம் வரை போவதைப் பதிவு செய்தார். அவ்வாண்டு அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. அந்த உச்சவரம்பே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கோழிக்குஞ்சு வளர்ப்பில் ஆண்டுக்கு 35 சதவீதம் இலாபம் எடுக்கும் குடும்பத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

மறுபக்கம், மக்கள் தாங்களே எதை முதலில் கேட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1992-ல் இரணைதீவிலிருந்து வெளியேற்றப்பட்டு இரணைமாதாநகரில் தங்கிய மீனவக் குடும்பங்கள், கால் நூற்றாண்டு காத்திருந்துவிட்டு 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தீவில் இறங்கின. கேப்பாப்பிலவு மக்கள் இராணுவ முகாம் வாசலில் மாதக் கணக்கில் உட்கார்ந்திருந்தது தங்கள் காணிக்காக. மயிலிட்டித் துறைமுகம் படையிடமிருந்து 27 ஆண்டு கழித்து 2017-ல் திரும்பக் கிடைத்தது. அதற்கு முன் அந்தக் கரையின் மீனவருக்கு வலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். வலையை இறக்கச் சொந்தக் கரை இல்லை. போருக்கு முன் வடக்கில் வேரூன்றியிருந்த கூட்டுறவுகளும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கங்களில் சீவல் தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கம் வாங்கியது, விற்றது, ஒரு பங்கைச் சேமிப்பாகப் பிடித்தது. தொழிலாளிக்கு மரம் ஏறத் தெரிந்தால் போதும். விற்பனை, போத்தல் அடைப்பு, கெட்ட காலச் சேமிப்பு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தனித்தனி ஆளை முதலாளியாக்குவதாகச் சொல்லும் திட்டங்களைவிட இந்தப் பழைய ஏற்பாடு உழைப்பவரின் சுமையைச் சரியாகப் பகிர்ந்தது.

ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் இலங்கையின் சிறு தொழில்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவச முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் நடத்திய தொழிலில் இலாபம் நன்றாக உயர்ந்தது. பெண்கள் நடத்தியதில் சராசரியாக உயரவே இல்லை. பெண்களுக்கு வாய்த்தவை நெருக்கியடித்த, இலாபம் குறைந்த தொழில்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்களே பிறகு பெண்களுக்கு வணிகப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்தவர்களிடம் பயிற்சி மட்டும் இலாபத்தைக் கூட்டவில்லை. பணமும் சேர்த்துக் கொடுத்தபோது கூடியது, பிறகு தேய்ந்தது. போர் ஓய்ந்த வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு நிபந்தனை குறைவான மானியம் கொடுத்தபோது நான்காம் ஆண்டில் வருமானம் 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் உதவி பெறாதவர்கள் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் வகுத்த முறை கொஞ்சம் மேல். மாடு போன்ற ஒரு சொத்து, சில மாதச் சாப்பாட்டுப் படி, சேமிப்பு, இரண்டாண்டு தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்த்தல் எல்லாம் சேர்ந்தது அது. ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் வெளியான முடிவில், உதவி நின்ற ஓராண்டுக்குப் பின்னும் பலன் நின்றது. பயிற்சி அதிலும் உண்டு. ஆனால் அது சொத்துக்கும் சோற்றுக்கும் பின்னால் வந்த பயிற்சி.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மூன்று கனமானவை. நிலமும் சொத்தும் கொடுப்பது பெருஞ்செலவு, அதே பணத்தில் பல மடங்கு பேரைப் பயிற்றலாம் என்பது முதலாவது. தலைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் சரிதான். நிமிர்ந்த குடும்பத்துக்கு ஆன செலவைப் பார்த்தால் தலைகீழ். மேலும் வன்னியிலும் வலிகாமத்திலும் புதிதாக நிலம் வாங்கித் தர வேண்டியதில்லை. மக்களின் நிலப் பத்திரம் அவர்கள் கையில் இருக்கிறது. படை விலகினால் போதும். இரண்டாவது, பிள்ளையையும் முதியவரையும் காயம்பட்டவரையும் விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படியானால் அவளுக்குத் தேவை மாதம் இத்தனை உருப்படி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித்தரும் ஒரு வாங்குநரும், பிள்ளையை விட்டுப்போக ஒரு பராமரிப்பு இல்லமும். பள்ளிச் சீருடை, மருத்துவமனைத் துணி, சத்துணவு முட்டை என்று அரசே வாங்கும் பொருள் ஏராளம். தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் பெண்கள் கூட்டுறவுகள் பல்லாண்டாக அந்த வழியில்தான் நடக்கின்றன. மூன்றாவது, கிளிநொச்சி போன்ற இடங்களில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தருகின்றனவே, அது போதாதா என்பது. கடனில் தவித்த பல வீடுகளுக்கு அந்தச் சம்பளம் மூச்சு விட இடம் கொடுத்தது உண்மை. கச்சாலும் டான்டீயும் எச்சரிப்பது வேறொன்றை: சம்பளம் ஓடும் ஆண்டுகளிலேயே வீட்டுமனையும் சேமிப்பும் தொழிலாளியின் பெயருக்கு மாறாவிட்டால், ஆலை இடம் மாறும் நாளில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பட்டியலில் நான் சொல்லாமல் விட்ட ஒரு சொத்து உண்டு, எல்லாவற்றுக்கும் முந்தியது: குடியுரிமை. கிழக்கு வங்காளத்து உழவருக்கு அந்தமானில் நிலம் எழுத முடிந்தது அவரை இந்தியா தன் குடிமகனாகவே வரவேற்றதால்தான். தாயகம் திரும்பியோருக்குக் கூட்டுறவு வங்கி வைக்க முடிந்ததும் அதனால்தான். 1983 முதல் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழருக்கு அது இல்லை. தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள்; மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஆண்களின் முதன்மைத் தொழில் பெயிண்டிங் வேலை. 2021-ல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகளையும், பணக்கொடை உயர்வையும், திறன் பயிற்சியையும் அறிவித்தது. வீடுகள் எழுந்திருக்கின்றன, அது பெரிய காரியம். ஆனால் பொறியியல் படித்த முகாம் இளைஞர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பெரிய நிறுவனங்களில் பலவும் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்புகின்றன, வங்கியில் தொழிற்கடன் கேட்டால் அடகு வைக்கத் தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற விதியைக் காட்டி, மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களே முகாம்களில் இன்று மிகுதி. கணினிப் பயிற்சியும் தையல் பயிற்சியும் அவர்களுக்கு நிறையவே கிடைத்திருக்கின்றன. கடைக்கு உரிமமும் கடனுக்கு அடமானமும் வைக்கத் தங்கள் பெயரில் ஒரு தாள் அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை; அதைக் கொடுக்கும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது.